முதலை விழுங்கிய அனுமதிச் சீட்டு

கடவுச்சீட்டை அரபு மொழியில் ‘ஜவாஸுஸ் ஸஃபர்’ என்பர். ‘ஜாஸ’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘ஜவாஸ்’ என்ற சொல்லுக்குக் கடந்து செல்லுதல் என்பது முதற்பொருள். ஆகுமானது என்ற பொருளில் நம் ஃபிக்ஹு நூல்கள் ஆளும் ‘ஜாயிஸ்’, ஆசிரியர் மாணவருக்கு வழங்கும் ‘இஜாஸத்’, அணியிலக்கணத்தார் பேசும் ‘மஜாஸ்’ ஆகிய மூன்றும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. ஸர்ஃபு வகுப்பில் இவ்வேரை விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் கடவுச்சீட்டையே முதலில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் அடுத்த தேவை. பாடம் முடிந்ததும் அவர்கள் கேட்கிற கேள்வியோ சொல்லைப் பற்றியதன்று. அதை எடுக்க எவ்வளவு செலவாகும் என்பதே. அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. வழியைக் கடக்க அனுமதி, அவ்வனுமதிக்கு ஒரு விலை, அவ்விலையைக் குடும்பத்தோடு செல்பவன் தலைக்குத் தலை தருதல் ஆகிய இவை இன்று நேற்றுத் தோன்றியவையல்ல.

இஸ்லாமிய வரலாற்றில் எழுத்து வடிவில் தரப்பட்ட பாதுகாப்புச் சீட்டு ஒன்றை நாம் ஹிஜ்ரத்தின் வழியிலேயே காண்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்களைப் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் பரிசை எண்ணிக் குதிரையேறி வந்த சுராக்கா பின் மாலிக், குதிரையின் கால்கள் மணலில் புதையக் கண்டு மனம் மாறி, தமக்கு ஓர் ‘அமான்’ எழுதித் தருமாறு வேண்டினார். அபூபக்ர் (ரலி) அவர்களின் பணியாளராயிருந்த ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஒரு தோல்துண்டில் அதை எழுதிக் கொடுத்தார். சுராக்கா உணவும் பொருளும் தர முன்வந்தபோது அவை ஏற்கப்படவில்லை. செய்தியை மறைத்து வைத்தால் போதும் என்று மட்டுமே அவரிடம் கேட்கப்பட்டது. இந்நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 8இல், ஜிஃரானாவில் அதே துண்டை உயர்த்திக் காட்டியபடி சுராக்கா வந்தார் என்றும், அது மதிக்கப்பட்டது என்றும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. கட்டணமில்லை, காலக்கெடுவில்லை, புதுப்பித்தலும் இல்லை. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) என்னும் பெண்மணி இருவருக்கு அளித்த அடைக்கலத்தையும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றருளினார்கள் என்பதை இதனோடு சேர்த்து நினைக்கலாம். அமான் என்பது கொடுப்பவரின் வாக்கு. அது விலைக்குரிய பண்டமாக அன்று கருதப்படவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. எகிப்தின் வறண்ட மணல் காத்துத் தந்த பாப்பிரஸ் ஏடுகளில் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பயண அனுமதிகள் சில கிடைத்துள்ளன. ‘ஸிஜில்’ என்று இவற்றுக்குப் பெயர். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், ஜிஸ்யாவைச் செலுத்துவதற்கும் பிழைப்புக்குமாக வேற்றூரில் வேலை செய்ய அனுமதிக்கப்படுகிறார். இத்தனை மாதம் வரை அவரைத் தடுக்கலாகாது என்ற பாங்கில் அவை எழுதப்பட்டுள்ளன. ஆளின் அடையாளங்களும் அவற்றில் உண்டு: இளைஞர், சப்பை மூக்கு, கன்னத்தில் வடு, கழுத்தில் மச்சம். நிழற்படம் தோன்றுவதற்குப் பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தன் தன் முன்னே நின்ற உழவனை ஏறிட்டுப் பார்த்துச் சொற்களால் வரைந்த படம் அது.

இந்தச் சீட்டுகளின் நோக்கம் வரி. நிலத்தை விட்டு ஓடிப்போகிற குடியானவனைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆகவே சீட்டில்லாமல் நடமாடுகிறவன் ஓடிப்போனவனாகக் கருதப்பட்டான். கலீஃபா ஸுலைமானின் ஆட்சியில் எகிப்தின் வரிப்பொறுப்பை வகித்த உஸாமா பின் ஸைத் அத்தனூகீ இம்முறையை மிகக் கடுமையாக நடத்தினார். (நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்க ரவ்ளாத் தீவில் அளவுத்தூணை நிறுவியவரும் இவரே. வெள்ளம் எத்தனை முழம் என்று தெரிந்தால் விளைச்சலும் வரியும் தெரியும்.) எகிப்தியக் கிறித்தவத் திருச்சபையின் தலைவர்களைப் பற்றிய அரபு வரலாற்று நூல் இவர் காலத்துச் சீட்டு முறையைப் பற்றிச் சொல்வதைச் சுருக்கித் தருகிறோம். சீட்டை எலி கடித்தாலோ, நீரிலோ நெருப்பிலோ கெட்டாலோ, எழுத்து அழிந்தாலோ, ஐந்து தீனார் தண்டம் கட்டினால்தான் புதியது கிடைக்கும். ஒரு கைம்பெண் தன் மகனோடு சீட்டு வாங்கிக்கொண்டு பயணப்பட்டாள். தாகம் தாளாமல் நதியில் நீரருந்தக் குனிந்த பையனை முதலை கவ்விச் சென்றது. சீட்டு அவனிடம் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பியவளைச் சீட்டில்லை என்று பிடித்து அடைத்தார்கள். பத்து தீனார் கட்டினால்தான் விடுதலை. அவள் தன் உடைகளை விற்றும் பிச்சையெடுத்தும் அத்தொகையைச் செலுத்தினாள்.

இந்நூல் அவ்வாட்சியால் துன்புற்றவர்களின் தரப்பில் எழுதப்பட்டது. துன்பத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று வாதிடுவோர் உளர். நாம் அவ்வாறு எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஏடுகள் சீட்டு முறையை உறுதிப்படுத்துகின்றன. உஸாமாவின் கொடுமையை நம் வரலாற்றாசிரியர்களும் மறைக்கவில்லை. ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கலீஃபாவானவுடன் செய்த முதற் செயல்களுள் ஒன்று இந்த உஸாமாவைப் பதவியிலிருந்து நீக்கிச் சிறையிலிட்டது. பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அனுப்பப்பட்டார்களே அன்றி வரி தண்டுபவராக அன்று என்ற கருத்தைத் தம் அதிகாரிக்கு எழுதியவரும் அந்த உமர்தாம். ஆனாலும் ஸிஜில் முறை அவரோடு மறைந்துவிடவில்லை. கிடைத்துள்ள ஏடுகள் சில அவருடைய காலத்துக்குப் பிற்பட்டவையே.

பயணிகளின் குறிப்புகளில் இவ்விலையின் வரலாறு தொடர்கிறது. ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1183) ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடல் துறைமுகமான ஐதாப் வழியாக ஜித்தா சேர்ந்தார். அவருக்கு முன்பு ஃபாத்திமிகளின் காலத்தில் ஹாஜி ஒவ்வொருவரும் ஏழரை தீனார் ‘மக்ஸ்’ கட்ட வேண்டியிருந்தது. கட்ட இயலாதவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை அவர் எழுதுகிறார். ஸலாஹுத்தீன் அய்யூபி அதை நீக்கினார். வெறுமனே ஆணை பிறப்பித்து விடவில்லை. வருமானம் இழந்த மக்கா அமீருக்கு ஈடாக ஆண்டுக்கு இரண்டாயிரம் தீனாரும் இரண்டாயிரம் இர்தப்பு கோதுமையும், வேறு நில வருவாயும் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதாவது ஹாஜிகளின் கட்டணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து செலுத்தியது. ஆயினும் இப்னு ஜுபைர் ஜித்தாவில் இறங்கியபோது அவ்வாண்டின் பணம் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஹாஜிகள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால்தான் ஹரமுக்குள் விடுவோம் என்று அமீர் பிடித்துக்கொண்டார். மேலிடத்தில் நீக்கப்பட்ட கட்டணம் வாயிற்படியில் திரும்பவும் முளைப்பதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பயணி வேறொருவர் உண்டா என்பது ஐயமே.

இப்னு பதூதா ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) எகிப்திலிருந்து ஷாமுக்குச் சென்றபோது கத்யா என்ற எல்லைச் சாவடியைக் கடந்தார். எகிப்தின் ‘பராஅத்’ இல்லாமல் ஷாமுக்கும், ஷாமின் பராஅத் இல்லாமல் எகிப்துக்கும் எவரும் செல்ல முடியாது. இரவில் அங்குள்ள அரபிகள் மணலைச் சமன்செய்து வைப்பார்கள். விடியலில் அமீர் வந்து பார்ப்பார். மணலில் காலடி தெரிந்தால் அதற்குரியவனைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியது அவர்கள் பொறுப்பு. அச்சாவடியின் ஒருநாள் வருவாய் ஆயிரம் பொன் தீனார் என்று அவர் குறிக்கிறார். பாதுகாப்பும் வருவாயும் ஒரே கூடாரத்தின் கீழ் அமர்ந்திருந்தன.

நம் சட்ட அறிஞர்கள் இக்கேள்வியை எப்படி அணுகினார்கள் என்பதில்தான் நமக்கு மிகுந்த ஈடுபாடு. ஹஜ்ஜு கடமையாவதற்குரிய ‘இஸ்திதாஅத்’ என்னும் சக்தியைப் பற்றிப் பேசும்போது வழிச்செலவு, வாகனம் ஆகியவற்றோடு வழியின் அச்சமின்மையையும் அவர்கள் நிபந்தனையாக்கினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் கடற்கரையூர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருவது. அதில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று ‘ரஸதீ’. வழியில் காத்திருந்து, கடந்து செல்பவரிடம் பணம் பறிப்பவனைக் குறிக்கும். வேறு வழியில்லாத நிலையில் அவனுக்கு அஞ்ச வேண்டியிருந்தால் ஹஜ்ஜு கடமையாகாது. மற்றொன்று ‘பத்ரகா’. வழித்துணைக் காவலைக் குறிக்கும். அதற்குரிய கூலியைத் தந்து பயணம் செல்வது கடமை என்பதே அவர் தேர்ந்த கருத்து. இருவரும் பணம் கேட்கிறார்கள். ஒருவன் தன்னிடமிருந்தே பாதுகாப்பை விற்கிறான். மற்றவன் பிறரிடமிருந்து பாதுகாக்கிறான். இவ்வேறுபாடு மிக நுட்பமானது.

ஹனஃபீ அறிஞர்கள் வேறு வழியில் சென்றனர். ‘துர்ருல் முக்தார்’ ஆசிரியர் ஹஸ்கஃபீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 1088), வழியில் வாங்கப்படும் மக்ஸும் காவற்காசும் ஹஜ்ஜை விடுவதற்குத் தக்க காரணமாகுமா என்று வினவி, இரு கருத்துகளைச் சொல்லி, ஆகாது என்பதே ஏற்கத்தக்கது என்கிறார். ஆனால் அதன் விளைவையும் அவர் விட்டுவிடவில்லை. அப்படியானால் அவ்விறைகளைச் செலுத்தும் வசதியும் ஒருவருடைய இன்றியமையாத் தேவை போக எஞ்சும் பொருளில் கணக்கிடப்பட வேண்டும். இக்காலத்து மொழியில் சொன்னால், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் செலவும் ‘ஸாது’ என்ற வழிச்செலவின் பகுதியாகும். அது கையில் இல்லாதவர்மீது கடமை இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சட்டச் சிக்கல் இந்தியக் கடலில் புதிய வடிவம் எடுத்தது. போர்த்துக்கீசியர் தங்களிடம் சீட்டு வாங்காத எந்தக் கப்பலையும் கொள்ளைக்குரியதாக்கினர். அச்சீட்டை அவர்கள் ‘கர்த்தாஸ்’ என்றனர். குர்ஆனில் (6:7) வரும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே அது என்பர். நம் சொல்லையே கொண்டு நம்மைத் தடுத்தார்கள் என்று கூறத் தோன்றுகிறது. கப்பலின் பெயர், தலைவன், ஆயுதம், செல்லுமிடம் எல்லாம் அதில் எழுதப்படும். சீட்டின் கட்டணம் சிறியதுதான். பெரிய செலவு வேறிடத்தில் இருந்தது. சீட்டு வாங்கிய கப்பல் போர்த்துக்கீசியத் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டியே செல்ல வேண்டும். இதனால் மலபார் முஸ்லிம்கள் பட்ட துயரத்தை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் எழுதிச் சென்றார்கள். சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களுக்கும் முத்துக்குளித்துறையினருக்கும் அதே அனுபவமே.

அக்பரின் அவையில் மக்தூமுல் முல்க் என்ற பட்டத்துடன் விளங்கிய அப்துல்லாஹ் ஸுல்தான்பூரி, ஹஜ்ஜு இப்போது கடமையில்லை என்று தீர்ப்பளித்ததை பதாயூனி எழுதுகிறார். தரைவழியில் ஈரானியரின் தொல்லை. கடல்வழியிலோ மர்யம், ஈஸா (அலை) ஆகியோரின் உருவம் பொறித்த சீட்டைச் சுமக்க நேரும் என்பது அவர் சொன்ன காரணம். பதாயூனிக்கு அவர்மேல் நல்லெண்ணம் இல்லை; தம் கடமையைத் தட்டிக்கழிக்க அவர் கண்டுபிடித்த வழி இது என்பது போலவே எழுதுகிறார். நம் பார்வையில் அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்ளத் தக்கதன்று. ஏனெனில் அதே ஆண்டுகளில் அக்பரின் அத்தை குல்பதன் பேகம் அரண்மனைப் பெண்களை அழைத்துக்கொண்டு அவ்வழியே ஹஜ்ஜுக்குச் சென்றார். 1575இல் ஃபத்தேபூர் ஸிக்ரியிலிருந்து புறப்பட்டவர்கள் சூரத்தில் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து 1576இல்தான் கடலேறினர். சீட்டுக்காகத் தமன் அருகே ஓர் ஊரையே போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார் என்பர். ஒரு குடும்பத்தின் பயண அனுமதிக்குத் தரப்பட்ட விலைகளில் இதைவிடப் பெரியது எதையும் நாம் அறியோம். அவ்வளவு கொடுத்தும் சீட்டு எப்போதும் காக்கவில்லை. 1613இல் ஜஹாங்கீரின் தாயாருக்குரிய ‘ரஹீமீ’ என்ற கப்பல் உரிய கர்த்தாஸ் வைத்திருந்தும் சூரத் அருகே கைப்பற்றப்பட்டது. பத்ரகா என்று கூலி வாங்கியவனே ரஸதீயாக மாறியதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஆட்சிகள் நிலைபெற்ற பின் ஹாஜிகளின் சீட்டு அரசியலாயிற்று. ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர் 1825இல் ஹஜ்ஜுக்குச் செல்பவர் ஒவ்வொருவரும் 110 கில்டர் கட்டிக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்று விதித்தனர். கட்டணம் வருவாய்க்காக அன்று, போகாமலிருக்கச் செய்வதற்காக. மக்கள் வேறு துறைமுகங்களின் வழியே சென்றார்கள். 1852இல் அக்கட்டணத்தை நீக்கினர். 1859இல் வழிச்செலவுக்கும் குடும்பத்தின் பராமரிப்புக்கும் பணமிருப்பதைக் காட்ட வேண்டும் என்ற வேறொரு விதியைக் கொண்டுவந்தனர். நம் ஃபிக்ஹில் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலிருந்த இஸ்திதாஅத் என்ற கணக்கை அரசு அதிகாரியின் மேசைக்கு எடுத்துச் சென்றதே இதன் பொருள். பிரித்தானிய இந்தியாவில் 1880களில் ஹாஜிகளுக்கான கடவுச்சீட்டு வந்தபோது அது இலவசமாகவே தரப்பட்டது. 1857இன் நினைவு மறையாத நிலையில் முஸ்லிம்களின் பயணத்தில் கைவைப்பதாகத் தோன்றக்கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம். கருணை என்று கொள்ள வேண்டா. சீட்டு இலவசம் என்றாலும் கப்பற்கூலியும் தரகும் இலவசமல்ல. திரும்பி வரப் பணமின்றி ஜித்தாவில் தவித்த ஏழைகள் ஆண்டுதோறும் இருந்தார்கள். 1886 முதல் சில ஆண்டுகள் தாமஸ் குக் நிறுவனத்தாரிடம் ஹஜ்ஜுப் பயண ஏற்பாட்டை அரசு ஒப்படைத்துப் பார்த்து, 1893இல் கைவிட்டது.

அக்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகருக்குக் கடல் ஒரு வீதி போன்றிருந்தது. நாகூர், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து கொழும்புக்கும் போய்வந்தவர்கள் தோணிக்காரரையும் மாலுமியையும் அறிந்தார்களேயன்றிக் கடவுச்சீட்டை அறியார். முதல் உலகப்போர் அந்நிலையை முடித்துவைத்தது. 1920இல் இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பாரிசில் உலக நாடுகள் சங்கம் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது. அதன் தீர்மானங்களில் ஒன்று நம் கவனத்துக்குரியது: கடவுச்சீட்டுக் கட்டணம் அரசுக்கு வருவாய் தேடும் தன்மையுடையதாக இருக்கலாகாது. ரஸதீக்கும் பத்ரகாவுக்கும் இமாம் நவவீ (ரஹ்) வகுத்த எல்லைக்கு அருகில் அவர்கள் அறியாமலே வந்து நின்றார்கள்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் நம் கடற்கரைக் குடும்பங்கள் இரண்டாக நின்றன. காயல்பட்டினத்தில் திருமணத்துக்குப் பின்னும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வது மரபு. ஆண் கொழும்பிலோ கண்டியிலோ கடை வைத்திருப்பார். ரமளானுக்கோ பேறுகாலத்துக்கோ வந்து போவார். அந்த வரவு ஒவ்வொன்றுக்கும் இனி முத்திரை வேண்டியதாயிற்று. தற்காலிக வதிவுச் சீட்டைப் புதுப்பிக்க அலைந்து கடையையே விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களின் கதைகள் அவ்வூர்களின் பெரியவர்களிடம் ஏராளம். வடக்கே இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1948இல் அனுமதிச் சீட்டும் 1952 அக்டோபரில் கடவுச்சீட்டும் வந்தன. அங்கே பிரிந்த குடும்பங்களின் துயரம் தனிக் கட்டுரைக்குரியது.

சுதந்திர இந்தியாவில் கடவுச்சீட்டு வெகுகாலம் அரசின் விருப்பமாகவே இருந்தது. 1967 ஏப்ரலில் ஸத்வந்த் சிங் ஸாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் சுதந்திரத்தில் அடங்கும் என்றும், சட்டமில்லாமல் அதை மறுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கடவுச்சீட்டுச் சட்டம் நிறைவேறியது. உரிமை உறுதியாயிற்று, அதன் விலை மட்டும் விதிகளின் அட்டவணைக்குள் போயிற்று. 2002 முதல் ஆயிரம் ரூபாயாக இருந்த சாதாரணக் கட்டணம் 2012 அக்டோபரில் ஆயிரத்து ஐந்நூறாக உயர்ந்தது, சிறுவருக்கு ஆயிரம், தத்கால் என்னும் விரைவு முறைக்குக் கூடுதலாக இரண்டாயிரம். பெரியவரின் புத்தகத்துக்குப் பத்தாண்டு ஆயுள், சிறுவருக்கோ ஐந்தாண்டு. தாய் தந்தையும் மூன்று குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அந்த அட்டவணைப்படி ஒருமுறைக்கு ஆறாயிரம் ரூபாய். கைக்குழந்தையாக வளைகுடாவுக்குச் சென்ற பிள்ளை பதினெட்டு வயதை எட்டுவதற்குள் மூன்று, நான்கு புத்தகங்களை மாற்றிவிடும். முன்பு தந்தையின் கடவுச்சீட்டிலேயே பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒருவருக்கு ஒரு புத்தகம் என்ற உலக விதி வந்தபின் அது நின்றது. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்கு அவ்விதி உதவுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் கர்த்தாஸைப் போலவே இங்கும் கட்டணம் சிறிது, சுற்றுச்செலவு பெரிது. நம் சமூகத்தில் அதில் பெரும்பங்கை விழுங்குவது பெயர். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் ஸனதில் ‘முஹம்மத்’ என்றும், பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’ என்றும், குடும்ப அட்டையில் ‘மொகமது’ என்றும் இருந்தது. ஸனதை எழுதியவர் நாமே. அரபு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதினோம் என்ற பெருமையும் அப்போது இருந்தது. அதைச் சரிசெய்ய அவர் உறுதிமொழிப் பத்திரத்துக்கும் நாளிதழ் விளம்பரத்துக்கும் அரசிதழ் அறிவிப்புக்கும், அவற்றுக்காக விட்ட நாள்கூலிக்கும் செலவழித்த தொகை கடவுச்சீட்டுக் கட்டணத்தைப் போல் நான்கு மடங்காயிற்று. தரகர் ஒருவருக்குக் கொடுத்ததை அவர் அக்கணக்கில் சேர்க்கவில்லை. விசாரணைக்கு வந்தவருக்குக் கொடுத்ததைச் சொல்லவே அவர் கூசினார். அது லஞ்சமாகுமா, அநீதியை விலக்கத் தரும் பொருளாகுமா என்று நம்மிடம் மஸ்அலா கேட்டார். வாங்கியவருக்கு அது ஹராம் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. தம் உரிமையைப் பெற வேறு வழியே இல்லாத நிலையில் கொடுத்தவர்மீது குற்றமில்லை என்று அறிஞர்கள் பலர் கூறியிருப்பதைச் சொன்னோம். வேறு வழியே இல்லையா என்று அவரையே கேட்டுக்கொள்ளவும் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்ற குறிப்போடு கடவுச்சீட்டு தரப்படுகிறது. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழிவந்த இவ்வேற்பாடு ஏமாறக்கூடிய தொழிலாளரைக் காப்பதற்கானது. ஏழாண்டு ஓதி ஆலிமான பின்னும் பள்ளிப் படிப்பை முடிக்காத நம் மாணவர் அந்தக் குறிப்புக்குள்ளேயே அடங்குவார். குறையை அரசின்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஓதும் மாணவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதவைக்க நாம் ஏன் அவ்வளவு தாமதித்தோம் என்ற கேள்விக்கு நம் கல்லூரிகளே பதில் சொல்ல வேண்டும்.

ஹாஜிகளின் நிலை 2009இல் மாறியது. அதற்கு முன்பு ஹஜ்ஜுக் குழுவின் வழியே செல்பவர்களுக்கு அந்தப் பயணத்துக்கு மட்டும் பயன்படும் தனிச் சீட்டு தரப்பட்டுவந்தது. ஸவூதி அரசு பன்னாட்டுக் கடவுச்சீட்டையே கட்டாயமாக்கவே, வாழ்நாளில் ஒரேயொரு முறை ஊரைவிட்டுச் செல்லப்போகும் எழுபது வயதுப் பாட்டியும் பத்தாண்டுக் கடவுச்சீட்டு எடுக்கும் நிலை வந்தது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதையே அறியாத தலைமுறை அது. துர்ருல் முக்தார் சொல்லும் கணக்கில் இச்செலவையும் சேர்க்க வேண்டும் என்று அப்போது பலருக்குச் சொன்னோம். கடனை அடைத்து, பெண்பிள்ளையின் செலவை ஒதுக்கி, எஞ்சியதில் இதுவும் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் உங்கள்மீது கடமையில்லை என்றோம். அவர்களில் எவரும் அதை ஏற்று வீட்டிலிருந்துவிடவில்லை. ஒருவர் கொல்லையில் நின்ற இரண்டு தென்னைகளை விற்றார்.

வளைகுடாவில் குடும்பத்தோடு வாழ்பவர்களுக்கு 2017 ஜூலையில் வேறொரு விலை வந்தது. ஸவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளரைச் சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் ஆண்டுக்கு நூறாக ஏறி 2020இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1600 ரியால். வதிவுச் சீட்டைப் புதுப்பிக்கும்போது அதைக் கட்ட வேண்டும். இடைநிலை ஊதியக்காரர்கள் பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்றிக்கொண்டு நம்மூர்களுக்கு வந்த பிள்ளைகள் அரபியும் ஆங்கிலமும் பேசத் தமிழ் எழுதத் தெரியாமல் அமர்ந்திருந்ததைப் பார்த்தோம்.

மின்ஹாஜின் ஹஜ்ஜுப் பாடம் வரும்போது ரஸதீ, பத்ரகா என்ற இரு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, இவ்விலைகளை எந்தச் சொல்லின் கீழ் வைப்பீர்கள் என்று மாணவரைக் கேட்பது நம் வழக்கம். கடவுச்சீட்டின் சாதாரணக் கட்டணத்தைப் பெரும்பாலோர் பத்ரகாவின் கீழ் வைப்பார்கள். அப்புத்தகத்தின் உட்பக்கத்தில் இதனை உடையவருக்குத் தடையின்றி வழிவிட்டுப் பாதுகாப்பும் அளிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் வேண்டப்பட்டிருப்பதை ஒருவர் எடுத்துக்காட்டுவார். நாமும் அதை ஒப்புவோம். விரைவுக் கட்டணத்தில் கருத்து வேறுபடும். வரிசையில் முன்னால் செல்வதற்கான பணம், பின்னால் நிற்பவரின் நாளிலிருந்து எடுக்கப்படுவது என்பது நம் எண்ணம். அவசரக்காரனுக்குச் செய்யும் கூடுதல் வேலைக்குரிய கூலி என்று சில மாணவர் வாதிடுவர். சார்ந்திருப்போர் கட்டணம் பற்றிச் சென்ற ஆண்டு கேட்டபோது, தந்தை ரியாத்தில் வேலை பார்க்கும் ஒரு மாணவர் எழுந்து வந்து, இரண்டு சொற்களுக்கும் வெளியே, பலகையின் ஓரத்தில் 400 என்று எழுதிவிட்டுத் தம் இடத்தில் போய் அமர்ந்தார்.